போர்ச் செய்தியைப் பிரித்துப் படிப்பது எப்படி? ஈராக் போரை வைத்து ஒரு முழு வழிகாட்டி

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. அணுகுண்டுக்கான பாகங்களைத் தேடும் வேலையை சதாம் உசேன் முடுக்கிவிட்டிருக்கிறார், ஆயிரக்கணக்கான அலுமினியக் குழாய்களை வாங்க முயன்றிருக்கிறார், அவை யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களுக்கானவை என்று அமெரிக்க அதிகாரிகள் கருதுகிறார்கள் என்பது செய்தி. அதிகாரிகளின் பெயர் எங்கும் இல்லை.

அதே நாள் காலை துணை அதிபர் டிக் சேனி என்பிசி தொலைக்காட்சியின் ஞாயிறு நேர்காணலில் உட்கார்ந்தார். குழாய் பேச்சு வந்ததும், இன்றைக்கு நியூயார்க் டைம்ஸிலேயே வந்திருக்கிறதே என்று பத்திரிகையைச் சாட்சிக்கு இழுத்தார். சிஎன்என்னில் பேசிய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ், முழு ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த ஆதாரம் அணுகுண்டின் காளான் புகையாக வந்துவிடக்கூடும் என்ற பொருளில் எச்சரித்தார். அந்தக் காளான் புகை காலைப் பத்திரிகையிலேயே, பெயர் சொல்லாத அதிகாரிகளின் வாதமாக, வந்திருந்தது.

என்ன நடந்தது பாருங்கள். அரசுத் தரப்பு ஒரு தகவலைப் பத்திரிகைக்குத் தந்தது. பத்திரிகை அச்சிட்டது. அச்சானதை அரசே டிவியில் எடுத்துக்காட்டியது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்கு, அரசும் சொல்கிறது, பத்திரிகையும் சொல்கிறது, இரண்டு பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியிருக்கும். உண்மையில் பேசியது ஒரே வாய்.

நான் பல வருடங்கள் ஒரு தமிழ் நாளிதழின் இரவுப் பணியில் ஏஜென்சி செய்திகளை மொழிபெயர்த்தவன். ஒரு அரசின் போர்க் கொள்கையை மக்கள் ஏற்கும்படி செய்ய, செய்தியில் பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை என்பதை அந்த மேஜையில்தான் கற்றுக்கொண்டேன். யார் சொன்னதை எடுக்கிறோம், எந்தப் பக்கத்தில் போடுகிறோம், என்ன சொல்லால் அழைக்கிறோம், கேமராவை எங்கே வைக்கிறோம் என்பவையே போதும். ஒவ்வொன்றையும் வாசகர் தன் கையால் சோதித்துப் பார்க்க முடியும். அதற்கான வழிமுறை இது. ஈராக் போரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதன் கணக்குவழக்கு முழுவதும் இன்று வெளியே கிடக்கிறது. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடப் பொருள் கிடைப்பது கடினம்.

தொடங்கும் முன்

ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். ஒரு போரைப் பற்றிய எல்லாச் செய்தியையும் பின்தொடர நினைத்தால் மூன்றே நாளில் சோர்ந்துவிடுவீர்கள். ஒரே ஒரு கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். "அந்தக் குழாய்கள் அணுகுண்டுக்கானவை" என்பது ஒரு கூற்று. "அந்தத் தாக்குதலில் இத்தனை பேர் இறந்தார்கள்" என்பது இன்னொன்று. அந்த ஒன்றை மட்டும், குறைந்தது இரண்டு செய்தித்தாள்களிலும் ஒரு டிவியிலும் தொடர்ந்து பாருங்கள். முடிந்தால் எதிர்த்தரப்பு நாட்டு ஊடகம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, கூற்று, முதலில் சொன்னவர், வந்த இடம். ஐந்தாவதாக ஒரு பத்தியைக் காலியாக விடுங்கள். அது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

முதல் படி: காலண்டரைப் போடுங்கள்

செய்தி எப்போது வந்தது என்று பார்க்கும்போது, அந்த வாரம் அரசுக்கு என்ன தேவைப்பட்டது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 2002 ஆகஸ்டில் வெள்ளை மாளிகைக்குள் ஈராக் பற்றிய பிரசாரத்தை ஒருங்கிணைக்க ஒரு தனிக்குழு அமைக்கப்பட்டது. ஈராக் விவகாரத்தை ஏன் செப்டம்பரில் தொடங்குகிறீர்கள் என்று கேட்டபோது, புதிய சரக்கை யாரும் ஆகஸ்டில் சந்தைக்குக் கொண்டுவருவதில்லை என்ற பொருளில் பதில் சொன்னவர், அதிபரின் தலைமைச் செயலர் ஆண்ட்ரூ கார்ட். அது அச்சில் வந்தது செப்டம்பர் 7. மறுநாள்தான் குழாய் செய்தி.

அதற்குப் பிறகான தேதிகள்: செப்டம்பர் 12-ல் ஐநாவில் அதிபர் ஜார்ஜ் புஷ் உரை. அக்டோபர் 10-ல் பிரதிநிதிகள் சபை 296-க்கு 133 என்று போருக்கு அதிகாரம் தந்தது. அடுத்த நாள் செனட் 77-க்கு 23. நவம்பர் 5-ல் நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தல். 2003 பிப்ரவரி 5-ல் ஐநா பாதுகாப்பு அவையில் வெளியுறவு அமைச்சர் காலின் பவலின் விளக்கம். மார்ச் 20 அதிகாலை பாக்தாத்தில் குண்டு விழுந்தது. இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் பெரிய செய்திகளைப் பொருத்திப் பாருங்கள். பொருந்திவிட்டதாலேயே செய்தி பொய் என்று ஆகிவிடாது. ஆனால் கூடுதல் கவனம் எங்கே தேவை என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: முதல் வாயைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு செய்தி பத்து ஊடகங்களில் வந்தால் பத்து ஆதாரம் என்று நம் மனம் கணக்குப் போடுகிறது. பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெரும்பாலும் ஒன்பது, "என்று அந்த நாளிதழ் தெரிவித்துள்ளது" என்று பத்தாவதைக் கைகாட்டும். அந்தப் பத்தாவது, பெயர் வெளியிட விரும்பாத ஒரு அதிகாரியைக் கைகாட்டும். அந்த அதிகாரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இவர் கண்ணால் பார்த்தாரா, யாரோ சொல்லக் கேட்டாரா? வேறு யாரும் தனியாகச் சரிபார்க்க வழி இருக்கிறதா? மக்கள் இதை நம்பினால் இவருக்கு என்ன லாபம்?

ஈராக்கிடம் லாரிகளில் நகரும் உயிரி ஆயுதக் கூடங்கள் இருப்பதாக பவல் ஐநாவில் படம் போட்டுக் காட்டினார். உலகமே பார்த்தது. அந்தக் கூற்றின் வேரைத் தோண்டிப் போனால் பெரும்பாலும் ஒரே ஒரு மனிதர்: ஜெர்மனியில் தஞ்சம் கேட்ட ஈராக்கியப் பொறியாளர், 'கர்வ்பால்' என்ற ரகசியப் பெயர் கொண்டவர். அவரிடம் பேசியவர்கள் ஜெர்மன் உளவுத்துறையினர். அவர் சொன்னதை அமெரிக்கர்கள் அறிக்கைகளாகத்தான் பெற்றார்கள். 2011-ல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழிடம், தான் சொன்னது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இதற்கு முந்தைய வளைகுடாப் போரிலும் இதே கதைதான். 1990 அக்டோபர் 10-ல், குவைத் மருத்துவமனையில் ஈராக்கியப் படையினர் இன்குபேட்டர்களிலிருந்து பச்சிளம் குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டதைத் தான் பார்த்ததாக, 15 வயதுச் சிறுமி ஒருத்தி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு ஒன்றின் முன்னால் அழுதபடி சொன்னாள். முதற்பெயர் மட்டுமே சொல்லப்பட்டது. அதிபரும் செனட்டர்களும் அந்தக் குழந்தைகளைத் திரும்பத் திரும்பப் பேசினார்கள். 1991 ஜனவரி 12-ல் போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 52-க்கு 47 என்று மயிரிழையில் நிறைவேறியது. அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், அந்த ஏற்பாட்டின் பின்னால் ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் இருந்தது என்பதும் ஊருக்குத் தெரிந்தது 1992-ல். போர் முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரம்.

அப்புறம், தமிழில் படிக்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் மொழியில் சொன்னவரை மறைப்பது மிகச் சுலபம். "கூறப்படுகிறது", "நம்பப்படுகிறது", "தெரியவந்துள்ளது", "தகவல் வெளியாகியுள்ளது". இந்த வினைகளுக்கு எழுவாய் தேவையே இல்லை. இவற்றைப் பார்த்த இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு, மேலே "யாரால்?" என்று எழுதுங்கள். பதில் செய்திக்குள்ளேயே இருந்தால் சரி. இல்லையென்றால் அந்த வாக்கியத்தை உங்கள் மனக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

தலைப்புக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஏஜென்சியிலிருந்து வரும் மூலத்தில் "என்று ராணுவ அதிகாரி ஒருவர் தெரிவித்தார்" என்று தெளிவாக இருக்கும். இரவு பதினோரு மணிக்குப் பக்கம் மூட வேண்டும். தலைப்புக்குக் கிடைத்த இடம் இரண்டு பத்தி அகலம். அப்போது முதலில் வெட்டுப்படுவது சொன்னவர்தான். ஒரு தரப்பின் கூற்று, மறுநாள் காலை டீக்கடையில் நடந்து முடிந்த சம்பவமாக மாறியிருக்கும். இப்படி வெட்டிய தலைப்புகளில் பல என் கையால் போனவை. இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். மூன்றாவது பாராவரை இறங்கிப் போங்கள், சொன்னவர் அங்கேதான் இருப்பார்.

சரி, முதல் வாயை அன்றே தேடிப் போனவர்கள் யாருமே இல்லையா? இருந்தார்கள். நைட் ரிட்டர் என்ற பத்திரிகைக் குழுமத்தின் வாஷிங்டன் அலுவலகத்தில் ஜொனாதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் என்ற இரண்டு நிருபர்கள். இவர்கள் அமைச்சர்களின் பேட்டிக்குக் காத்திருக்கவில்லை. கோப்புகளை நேரடியாகக் கையாளும் இடைநிலை ஊழியர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். ஆதாரம் பலவீனமாக இருப்பதாக உள்ளே பலரே கவலைப்படுகிறார்கள் என்று குழாய் செய்திக்கு இரண்டு நாள் முன்பே எழுதினார்கள். ஆனால் அந்தக் குழுமத்துக்கு வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ சொந்த நாளிதழ் கிடையாது. முடிவெடுக்கிறவர்களின் காலை மேஜைக்கு அவர்கள் எழுத்து போகவில்லை. சில சமயம் குழுமத்தின் சொந்த நாளிதழ்களே அவற்றைப் போடாமல் விட்டன.

மூன்றாம் படி: பக்கத்தைப் பாருங்கள்

குழாய்களுக்கே திரும்புவோம். முதல் பக்கச் செய்தி வந்த ஐந்தாவது நாளே, உளவு அமைப்புகளுக்குள் இந்தக் குழாய்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பது நியூயார்க் டைம்ஸ் நிருபர்களுக்குத் தெரியவந்தது. எரிசக்தித் துறையின் நிபுணர்கள், யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களை நன்கு அறிந்தவர்கள், இவை சாதாரண பீரங்கி ராக்கெட்டுக்கான குழாய்கள் என்றார்கள். 81 மில்லிமீட்டர் விட்டம். ஈராக் ஏற்கெனவே வைத்திருந்த ராக்கெட்டின் அளவு. அந்தச் சந்தேகம் 13-ம் பக்கத்தில், ஒரு நீண்ட கட்டுரையின் ஆழத்தில் வந்தது. தலைப்பில் அதன் சாயல்கூட இல்லை. ஜனவரியில் சர்வதேச அணுசக்தி முகமை குழாய்க் கூற்றை மறுத்தது. அது 10-ம் பக்கம்.

2004 மே 26-ல் நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர்கள் தங்கள் ஈராக் செய்திகளைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டு, வேண்டிய அளவு கறாராக இருக்கத் தவறினோம் என்று ஒப்புக்கொண்டார்கள். மேலே சொன்ன பக்க எண்களை அவர்களே அதில் எடுத்துவைத்தார்கள். அந்தக் குறிப்பு எங்கே வந்தது தெரியுமா? அதுவும் 10-ம் பக்கத்தில்தான்.

வாஷிங்டன் போஸ்டும் அதே ஆண்டு ஆகஸ்டில் தன்னைத்தானே சோதித்து எழுதியது. 2002 ஆகஸ்டிலிருந்து போர் தொடங்கும்வரை, அரசின் ஈராக் எதிர்ப்புப் பேச்சை மையமாகக் கொண்ட முதல் பக்கச் செய்திகள் 140-க்கும் மேல். எதிர்த்தட்டில் என்ன இருந்தது என்பதற்கு ஒரு உதாரணம்: தடை செய்யப்பட்ட ஆயுதங்களைப் பற்றி அமெரிக்காவிடம் துல்லியமான தகவல் இல்லை என்று மூத்த நிருபர் வால்டர் பிங்கஸ் எழுதிய செய்தி. போருக்கு சில நாள் முன்பு, மார்ச் 16-ல், 17-ம் பக்கத்தில் வந்தது.

எதையும் மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது பாருங்கள். எல்லாம் அச்சில் இருந்தது. ஆனால் அவசரமாக ஆபீசுக்குக் கிளம்புகிற மனிதர் 17-ம் பக்கத்துக்குப் போவாரா?

இன்று பலர் காகிதமே வாங்குவதில்லை. அதனால் பக்க எண்ணுக்குப் பதிலாக வேறு மூன்றைக் குறியுங்கள். செல்போனில் நோட்டிஃபிகேஷனாக வந்ததா? டிவியில் எத்தனை முறை, எந்த நேரத்தில் ஓடியது? மறுப்பு வந்தபோது அதற்கும் நோட்டிஃபிகேஷன் வந்ததா? மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்று நான் எழுதியது மிகக் குறைவு.

நான்காம் படி: சொல்லை மாற்றிப் படியுங்கள்

போருக்குப் பெயர் வைக்கும் உரிமை அதை நடத்துகிற அரசின் கையில் இருக்கிறது. 2003 படையெடுப்புக்கு அமெரிக்க அரசு வைத்த பெயர் 'ஈராக்கிய விடுதலை நடவடிக்கை'. சில அமெரிக்க சேனல்கள் அதையே தங்கள் நிகழ்ச்சியின் தலைப்பாகத் திரையில் ஓடவிட்டன. திரையின் மூலையில் "விடுதலை" என்று நாள் முழுக்க எரிந்துகொண்டிருந்தால், இது விடுதலையா ஆக்கிரமிப்பா என்ற கேள்வி வாதத்துக்கே வராது.

நமக்கு இதை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2009-ல் வன்னியில் நடந்ததை இலங்கை அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று அழைத்தது. பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்பதே கொள்கை என்றது. மக்களைப் போகச் சொன்ன நிலத்துக்கு 'பாதுகாப்பு வலயம்' என்று பெயர். அந்த வலயத்துக்குள் அரசுப் படையின் ஷெல் விழுந்ததை 2011-ல் ஐநா செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு பதிவு செய்தது. பொதுமக்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் அதே குழு பதிவு செய்திருக்கிறது. 'பாதுகாப்பு வலயம்' என்ற சொல்லை அன்று தமிழ்நாட்டு நாளிதழ்களிலும் அப்படியே மேற்கோள்குறி இல்லாமல் படித்தோம்.

பயிற்சி இதுதான். செய்தியில் வரும் அரசுச் சொல்லை எடுத்துவிட்டு, நடந்ததை வெறும் வினைச்சொல்லால் எழுதுங்கள். "துல்லியத் தாக்குதல் நடத்தப்பட்டது" என்பதை "விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள்" என்று எழுதுங்கள். அடுத்து, இரு தரப்புச் சாவுக்கும் ஒரே சொல் வருகிறதா பாருங்கள். ஒரு பக்கம் "வீர மரணம்", மறுபக்கம் "பலி". ஒரு பக்கம் "கொடூரத் தாக்குதல்", மறுபக்கம் "பதிலடி". "தவிடுபொடி", "அதிரடி" போன்ற சொற்கள் தமிழ்ப் போர்ச் செய்தியில் ஏறிவிட்டால் உள்ளே தகவல் மெலிந்திருக்கும் என்பது என் அனுபவம்.

ஐந்தாம் படி: தலையை எண்ணுங்கள்

ஒரு மாலை டிவி முன்னால் நோட்டோடு உட்காருங்கள். போரைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. அரசு அல்லது ராணுவத்தில் இருப்பவர், இருந்தவர், கட்சிக்காரர், துறை அறிஞர், போரை எதிர்ப்பவர், அடிபட்டவர். இப்படிக் கட்டம் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஃபேர் என்ற அமெரிக்க ஊடக விமர்சன அமைப்பு இதைத்தான் செய்தது. அது இடதுசாரிச் சாய்வு உள்ள அமைப்பு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் தலையை எண்ணுவது யாரும் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய வேலை. பவல் ஐநாவில் பேசியதற்கு முன்னும் பின்னுமான இரண்டு வாரங்களில், நான்கு பெரிய தொலைக்காட்சிகளின் மாலைச் செய்திகளில் ஈராக் பற்றிப் பேசியவர்கள் 393 பேர். அதில் போர் எதிர்ப்பு இயக்கங்களைச் சேர்ந்தவர்கள் 3 பேர். அந்த இரண்டு வாரம் முடிந்து சில நாட்களில், பிப்ரவரி 15-ல், உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நகரங்களில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? அரசியல் தொடர்பியல் அறிஞர் லான்ஸ் பென்னட் 1990-ல் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்குள் எவ்வளவு விவாதம் நடக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் ஊடகமும் விவாதிக்கும். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி எழுந்து கேட்டால் நிருபருக்குக் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைக்கிறது. எதிர்க்கட்சியே வாக்களித்துவிட்டால் கேள்வி கேட்கிற நிருபர் தனியாள். அக்டோபரில் விழுந்த அந்த 77 வாக்குகளில் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியினரின் வாக்குகளும் உண்டு. ஆகவே உங்கள் நாட்டுப் போர்ச் செய்தியைப் படிக்கும்போது, எதிர்க்கட்சி வாயை மூடியிருக்கும் நாட்களைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளைத் தனிக் கட்டத்தில் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. போர் நிபுணர்களாக அமெரிக்க டிவியில் வந்து போன பலருக்குப் பாதுகாப்புத் துறையே தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயங்களைத் தந்ததும், அவர்களில் பலருக்கு ஆயுத ஒப்பந்த நிறுவனங்களோடு தொடர்பு இருந்ததும் 2008 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் புலனாய்வில் வெளிவந்தது. அதற்கான ஆவணங்களை வாங்க அந்த நாளிதழ் வழக்குப் போட வேண்டியிருந்தது.

ஆறாம் படி: கேமரா எங்கே நிற்கிறது?

2003 ஏப்ரல் 9, பாக்தாத்தின் ஃபிர்தோஸ் சதுக்கம். சதாமின் சிலை கவிழ்ந்த காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது அதையே மெதுவாகப் பாருங்கள். சதுக்கத்தை ஒட்டி நிற்பது பாலஸ்தீன் ஹோட்டல். வெளிநாட்டு நிருபர்கள் பலர் தங்கியிருந்த இடம். பளுதூக்கும் வீரர் ஒருவர் சம்மட்டியால் பீடத்தை அடிக்கிறார், பீடம் அசையவில்லை. அமெரிக்க மரைன் படையின் மீட்பு வாகனம் வந்து சங்கிலி மாட்டுகிறது. ஒரு வீரர் ஏறிச் சிலையின் முகத்தில் அமெரிக்கக் கொடியைப் போர்த்துகிறார். சற்று நேரத்தில் அது எடுக்கப்பட்டு ஈராக் கொடி வருகிறது. பிறகு வாகனம் இழுக்க, சிலை சாய்கிறது. நெருக்கமாக எடுத்த படங்களில் திரை நிறைய மக்கள். தூரத்திலிருந்து எடுத்த படங்களில் சதுக்கத்தின் பெரும்பகுதி காலி; நின்றவர்களிலும் நிருபர்களும் படைவீரர்களும் கணிசம்.

மகிழ்ந்தவர்கள் நடிக்கவில்லை. அந்தச் சம்மட்டிக்காரர் சதாம் ஆட்சியில் துன்பப்பட்டவர். ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அன்று முழுக்க ஓடிய அந்தக் காட்சி, போர் முடிந்துவிட்டது, வென்றுவிட்டோம் என்று அமெரிக்க வீடுகளுக்குச் சொன்னது. அதே நேரம் பாக்தாத்தின் மற்ற பகுதிகளில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் அதே பாலஸ்தீன் ஹோட்டலின் மீது அமெரிக்க டாங்கி சுட்டதில் இரண்டு செய்தி ஒளிப்பதிவாளர்கள் இறந்தார்கள். அல் ஜசீரா அலுவலகத்தின் மீது விழுந்த குண்டில் அதன் நிருபர் இறந்தார். பல வருடம் கழித்து அந்தச் சம்மட்டிக்காரரே பிபிசியிடம், முடிந்தால் சிலையைத் திரும்ப நிறுத்திவிடுவேன் என்று வருந்தினார்.

இந்தப் போரில் 600-க்கும் மேற்பட்ட நிருபர்கள் படைப்பிரிவுகளோடு இணைந்தே பயணித்தார்கள். அதே வண்டி, அதே சாப்பாடு, அதே பதுங்குகுழி. தன்னைக் காப்பாற்றுகிறவர்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதியது பொய்யில்லை, பலர் உயிரைப் பணயம் வைத்தார்கள். ஆனால் பீரங்கிக்குப் பின்னால் நிற்கும் கேமராவுக்குக் குண்டு கிளம்புவது தெரியும், விழுவது தெரியாது. விழுந்த இடத்து ஆஸ்பத்திரிகளை அரபு நாட்டு நேயர்கள் அல் ஜசீராவில் பார்த்தார்கள். அமெரிக்க வீடுகளுக்குத் தங்கள் வீரர்களின் சவப்பெட்டிகள்கூடத் தெரியவில்லை. அவை வந்திறங்கும் டோவர் விமானதளத்தில் படம் எடுக்க 1991-லிருந்து இருந்த தடை 2009-ல்தான் தளர்ந்தது.

கேமராவே போக முடியாத போர்களும் உண்டு. வன்னியிலிருந்து ஐநா, உதவி நிறுவன ஊழியர்கள் 2008 செப்டம்பரில் வெளியேற்றப்பட்டார்கள். சுயேச்சையான நிருபர்களுக்கு அனுமதி இல்லை. உள்ளே இருந்து எண்ணிக்கை சொன்னவர்களில் முக்கியமானவர்கள் அரசு மருத்துவர்கள். போர் முடிந்ததும் அவர்கள் கைதானார்கள்; 2009 ஜூலையில், காவலில் இருந்த நிலையிலேயே செய்தியாளர்கள் முன்னால் கொண்டுவரப்பட்டு, தாங்கள் முன்பு சொன்னது மிகை என்றார்கள். இரண்டு கூற்றுகளையும் உங்கள் நோட்டில் எழுதும்போது, சொன்னவர் பக்கத்தில் அவர் எங்கே, யார் பிடியில் இருந்து சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

ஏழாம் படி: மக்கள் மனதை அளந்தவர்கள் என்ன கண்டார்கள்

2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கணிப்பில், செப்டம்பர் 11 தாக்குதலில் சதாமுக்குப் பங்கு இருக்கக்கூடும் என்று 69 சதவீத அமெரிக்கர்கள் நம்பினார்கள். அப்படி எந்த ஆதாரமும் இல்லை என்று செப்டம்பர் 17-ல் புஷ்ஷே சொன்னார். சதாம்தான் செய்தார் என்று அரசு நேராகச் சொன்னதில்லை. ஆனால் இரண்டு பெயர்களும் ஒரே மூச்சில், மாதக்கணக்கில் காதில் விழுந்துகொண்டே இருந்தன.

அதே ஆண்டு அக்டோபரில் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று மூன்று தவறான நம்பிக்கைகளை எடுத்துச் சோதித்தது: சதாமுக்கும் அல் கொய்தாவுக்கும் உறவு நிரூபணமாகிவிட்டது, பேரழிவு ஆயுதங்கள் கிடைத்துவிட்டன, உலக மக்கள் போரை ஆதரித்தார்கள். மூன்றில் ஒன்றையாவது நம்பியவர்கள், ஃபாக்ஸ் நியூஸை முதன்மையாகப் பார்ப்பவர்களில் 80 சதவீதம். பொது ஒலிபரப்புகளைக் கேட்பவர்களில் 23 சதவீதம். எதையும் நம்பாதவர்களில் 23 சதவீதம் பேரே போரை ஆதரித்தார்கள். மூன்றையும் நம்பியவர்களில் 86 சதவீதம்.

இங்கே நிதானம் வேண்டும். சேனல் மனதை மாற்றியதா, ஏற்கெனவே அந்த மனம் உள்ளவர் அந்தச் சேனலைத் தேர்ந்தாரா என்று இந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கட்சிச் சாய்வைக் கழித்துப் பார்த்தும் வேறுபாடு நின்றது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள், அதனால் சேனலுக்கு ஒரு பங்கு உண்டு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். போர் தொடங்கியதும் எந்தத் தலைவருக்கும் ஆதரவு எகிறும் என்பதும் உண்மை. 2003 மார்ச்சில் புஷ்ஷின் செல்வாக்கு கேலப் கருத்துக்கணிப்பில் 58 சதவீதத்திலிருந்து 71-க்குப் போனது.

ஊடகத்துக்கு இல்லாத சக்தியைக் கொடுக்கவும் கூடாது. 1968 பிப்ரவரி 27-ல் சிபிஎஸ்ஸின் வால்டர் குரோங்கைட், வியட்நாம் போர் முட்டுச்சந்தில் நிற்கிறது என்று சொன்னதும் அமெரிக்காவின் மனமே மாறிவிட்டது என்று ஒரு கதை உண்டு. ஆனால் 1967 அக்டோபரிலேயே, போருக்குப் போனது தவறு என்றவர்கள் கேலப் கணிப்பில் மற்றவர்களை முந்திவிட்டார்கள். ஊர்களுக்குச் சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. கட்டாய ராணுவச் சேவை வீட்டுக் கதவைத் தட்டியது. டிவி சொல்லும் முன்பே மக்களுக்குத் தெரிந்திருந்தது.

எட்டாம் படி: அந்த ஐந்தாவது பத்தி

காலியாக விட்ட பத்தி நினைவிருக்கிறதா? அதன் மேல் "பிறகு" என்று எழுதுங்கள். கூற்றைப் பதிந்த தேதியிலிருந்து ஆறு மாதம் தள்ளி செல்போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். அந்த நாள் வந்ததும் அதே கூற்றைத் தேடி, அதற்குப் பிறகு என்ன தெரியவந்தது என்று நிரப்புங்கள். குழாய்களுக்கு நேராக: 2004 அக்டோபரில் சார்லஸ் டூல்ஃபர் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழுவின் அறிக்கை, பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை.

என் நோட்டில் இன்னொரு வரி இருக்கிறது. 2019 பிப்ரவரி 27, பாலகோட் தாக்குதலுக்கு அடுத்த நாள். காஷ்மீரின் பட்காமில் இந்திய விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்தது. படையினர் ஆறு பேர், கீழே இருந்த பொதுமகன் ஒருவர், மொத்தம் ஏழு பேர் இறந்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்று அன்று பல இடங்களில் செய்தி. சொன்னவர் என்ற கட்டத்தில் "தகவல்" என்று மட்டுமே எழுத முடிந்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் மக்களவைத் தேர்தல் நடந்து முடிந்தது. ஐந்தாவது பத்தியை நிரப்பியது அக்டோபரில்: அந்த ஹெலிகாப்டரை வீழ்த்தியது நம் ஏவுகணையே, அது பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதி செய்தியாளர்களிடம் சொன்னார். சொன்னவரின் பெயரும் பதவியும் எழுத முடிந்த வரி அது.